கொன்னுட்ட, சரி… அப்புறம்?

வாலே பேராண்டி, வா. ட்ரோலைக் கொன்னுட்டியாம்லா? அடுக்களை வரைக்கும் கேக்கக் கத்துனியாம், உங்க ஆச்சி சொன்னா. சந்தோசம். இப்பிடித் திண்ணையில உக்காரு. ஒண்ணே ஒண்ணு கேக்குதேன், கோவிச்சுக்கப்பிடாது. கொன்னப்பறம் அந்தச் சவத்தை என்ன பண்ணுன?

ஒண்ணும் பண்ணலையா? போட்டது போட்டபடி அடுத்த அறைக்குப் போயிட்டியா? நல்லது. ரொம்ப நல்லது. வீரன்னா அப்பிடித்தான் இருக்கணும். ட்ரோல் செத்த எடத்துலயே எந்திரிச்சு உக்காரும். எந்திரிச்சு நேரா உன் முதுகைத் தேடி வரும். நீ மட்டும் திரும்பிப் பாத்துராதே. பாத்தா வீரத்துக்கு இழுக்குல்லா?

என்னலே முழிக்குத? நெட்ஹேக் ஆடுதேன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுத. அதுல கொல்லுதது பாதிச் சோலிதான்னு உனக்கு ஒருத்தரும் சொல்லலையா? கொல்லுததுக்குக் கத்தி போதும். செத்ததை வச்சுப் பொழைக்கத்தான் கூறு வேணும். கத்தி உன்கிட்ட நெறைய இருக்கு, நான் பாத்தேன்.

எப்பிடிப் பாத்தேன்னு கேக்காதே. சாயங்காலம் நீ தட்டுத அதே பழைய கம்ப்யூட்டர்லதான் மத்தியானம் நானும் தட்டிக்கிட்டு இருக்கேன். படம் கெடையாது, பாட்டு கெடையாது, எல்லாம் எழுத்தும் குறியுந்தான். நீ ஒரு ‘அட்’ குறி. உன் நாய் ஒரு சின்ன ‘டி’. ரொட்டியும் ஆப்பிளும் சதவீதக் குறி. நீ வெட்டிப் போட்ட குள்ளனும் அதே சதவீதக் குறி. சோத்துக்கும் சவத்துக்கும் ஒரே அடையாளத்தை வச்சவன் என்ன சொல்ல வாரான்னு உன் படிச்ச மூளைக்கு ஏறல. கண்ணுல பொரை உள்ள எனக்கு ஏறிருச்சு.

இதுக்கு மூத்த ஆட்டம் ஒண்ணு உண்டு, ரோக்னு பேரு, 1980-ல வந்தது. அதுல பசி உண்டு, பட்டினிச் சாவு உண்டு. ஆனா கொன்ன மிருகம் அப்பிடியே மறைஞ்சிரும், ஒரு துண்டு மிஞ்சாது. அதைப் பாத்து 1982-ல ஜே ஃபென்லாசன்னு ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் கூட்டாளிகளோட சேந்து ஹேக்னு ஒண்ணு எழுதுனான். ஆம்ஸ்டர்டாம்ல ஆண்ட்ரீஸ் பிரவர்னு ஒரு கணக்குப் புலி அதை எடுத்து விரிச்சாரு. 1987-ல மைக் ஸ்டீபன்சன் முன்ன நிக்க, ஆளுக்கொரு ஊர்ல இருந்தவங்க நெட்வொர்க் வழியாச் சேந்து நெட்ஹேக்னு ஆக்குனாங்க. அந்த வம்சத்துலதான் செத்தது தரையில தங்க ஆரம்பிச்சது. தங்குனதும் அதுக்கு எடை வந்தது, வயசு வந்தது, பலன் வந்தது, கூடவே வம்பும் வந்தது.

முதல்ல வயசைச் சொல்லுதேன். ஒண்ணைக் கொன்ன நிமிசம் அதுக்கு ஒரு கடியாரம் ஓட ஆரம்பிக்கும். 50 டர்னுக்குள்ள வாயில போட்டா உயிருக்கு மோசமில்ல. அதுக்கு மேல போச்சுன்னா சூதாட்டந்தான். காலையில வாங்குன மீனை மத்தியானம் உங்க ஆச்சி செவுளைத் தூக்கிப் பாத்து மோந்து பாப்பால்லா, அந்தக் கூறு இங்கயும் வேணும். ஆனா இதுல செவுளும் கெடையாது, நாத்தமும் கெடையாது. இன்னது எப்பச் செத்ததுன்னு ஆட்டம் உன்கிட்டச் சொல்லாது. நீதான் ஞாபகம் வச்சுக்கணும். ‘இப்பத்தான கொன்னேன்’ம்ப. நடுவுல ரெண்டு எறும்போட மல்லுக்கட்டுனது, பெட்டியைத் தெறக்க நெம்பிக்கிட்டு நின்னது எல்லாம் உன் கணக்குல வராது. அதுக்குக் கணக்குல வரும்.

கெட்டுப்போனதைத் தின்னுட்டேன்னு வையி, பத்துலேருந்து பத்தொம்பது டர்ன்ல கதை முடிஞ்சிரும். அதுக்குள்ள சாமியைக் கும்பிட்டாப் பொழைக்கலாம், சாமி உன்மேல கோவத்துல இல்லாம இருந்தா. இல்லைன்னா யூனிகார்ன் கொம்பு கையில இருக்கணும். ரெண்டும் இல்லைன்னா, கடைசியாத் தின்ன கறி ருசியா இருந்துச்சான்னு யோசிச்சுக்கிட்டு இரு. நேரம் போறதே தெரியாது.

ஜோம்பி, மம்மின்னு நடமாடுதே, அதுகளை நீ கொல்லுத நிமிசத்துலயே அதோட சவத்துக்கு 100 டர்ன் வயசு கூடுதலா எழுதிருவான். செத்தப்பறமும் நடந்ததுதான, கணக்கு சரியாத்தான் இருக்கு. ஆனா நீ தின்னு. ‘சுடச்சுடக் கொன்னேன் தாத்தா’ன்னு சொல்லிக்கிட்டே தின்னு. உன்னைப்போல நாலு பேரு இல்லைன்னா இந்த ஆட்டத்துக்குப் பேரு வந்திருக்குமா?

உனக்கு மோப்பம் இல்ல, ஒத்துக்கிடுதேன். கூட ஒரு நாய் வருதுல்லா? அதைப் பாரு. 50 டர்ன் தாண்டுன கறியை விஷம்னு ஒதுக்கிரும், தொடாது. காக்கட்ரைஸ்னு ஒண்ணைப் பத்திப் பொறவு சொல்லுதேன், அதைத் திங்கவே திங்காது. நாய்க்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையேன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க ஆச்சி சொல்லுவா.

அழுகாத சவம் ரெண்டே ரெண்டு உண்டு. ஒண்ணு லிச்சன், இன்னொண்ணு லிசர்டு, நம்ம பல்லி வகை. லிச்சன் எடை கம்மி, பசிக்கு நல்லாத் தாங்கும். பையில கெடந்தா எத்தனை நாளானாலும் அப்பிடியே இருக்கும். லிசர்டு பசிக்கு ஒப்பேறாது, ஆனா உடம்பு மெதுவாக் கல்லாகிக்கிட்டு வரும்போது ஒரு கடி கடிச்சா நின்னுரும். தலை கிறங்குனாலும் தெளிய வைக்கும். இந்த ரெண்டையும் நீ என்ன பண்ணுவ? லிச்சனை ‘ச்சீ, பாசி’ன்னு மிதிச்சுட்டுப் போவ. லிசர்டைப் பசிக்குதுன்னு தின்னு ஏப்பம் விடுவ. அப்பிடித்தான் பண்ணணும். மருந்துப் பெட்டியைத் தின்னு பசியாறுதவன் தைரியசாலி.

தகர டப்பாவுல அடைக்குத கருவி ஒண்ணு உண்டு, பாத்திருப்ப. கனமா இருக்குன்னு வீசிட்டுப் போயிருப்ப. அதுல கறியை அடைச்சிட்டா அந்தக் கடியாரத்துக்குப் பயப்பட வேண்டாம், பலனும் கெடாது. ஐஸ் பெட்டிக்குள்ள வச்சாலும் கடியாரம் நின்னுரும். என்ன, அந்தப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நடந்தா இடுப்பு போயிரும். இடுப்பு உன்னது, பெட்டி உன்னது, நான் எதுக்கு நடுவுல?

பலன்னு சொன்னேன்லா, அதுக்கு வாரேன். இங்க கறி திங்கிறது வயித்துக்கு மட்டும்னு நெனைக்காதே. சிலதைத் தின்னா அதோட குணம் உனக்கு வந்து ஒட்டிக்கும். நீலக் கலர்ல ஒரு ‘இ’ மெதந்துக்கிட்டு நிக்கும், மிதக்குங் கண்ணு. நகருறதே தெரியாது, அவ்வளவு மெதுவு. உன்னை ஒண்ணும் செய்யாது. கடிக்காது, கொத்தாது, சும்மா பாக்கும். உனக்கு அதைப் பாத்ததும் கை துறுதுறுன்னு வரும். ‘இது என்ன தாத்தா, சும்மா நிக்குது’ன்னு கத்தியை ஓங்கிக்கிட்டுக் கிட்டப் போவ. போ. ஒரு வெட்டு வெட்டு. அது உன்னை ஒரு பார்வை பாக்கும். அவ்வளவுதான், கை வராது, கால் வராது. 127 டர்ன் வரைக்கும்கூட நட்டுவச்ச கம்பா நிப்ப. அந்த வழியாப் போற நரி, எலி, எறும்பு எல்லாம் ஆற அமர உக்காந்து உன்னைத் திங்கும். எலி கடிச்சுச் செத்தான்னு கல்லறையில எழுதுவான். நான் வந்து படிச்சுச் சொல்லுதேன்.

கூறுள்ளவன் என்ன பண்ணுவான்? எட்ட நின்னு கத்தியை ஒண்ணொண்ணா வீசுவான். அது எங்க ஓடப்போகுது? செத்ததும் உடனே போய்த் தின்னுருவான். தின்னா டெலிபதி வரும். கண்ணைக் கட்டிக்கிட்டாப் போதும், அந்தத் தளத்துல மனசுன்னு ஒண்ணு உள்ளது எங்கங்க நிக்குதுன்னு பூராவும் தெரியும். கண்ணைத் தொறந்து பாத்தா அடுத்த அறை தெரியாது, மூடிக்கிட்டா எல்லாம் தெரியும். உனக்குத்தான் ரெண்டு நிலையிலயும் ஒண்ணும் தெரியாது, அதனால அவசரமில்ல.

தேனீயைத் தின்னா விஷம் தாங்குத உடம்பு வரலாம். ஆனா அந்தக் கறியே விஷம். வந்தா லாபம், ஆனா வந்தாலும் வராட்டாலும் பலம் கொறையலாம். ராட்சசனைத் தின்னா பலம் கூட வழியுண்டு. மூளை உறிஞ்சுற மைண்ட் ஃபிளேயர்னு ஒண்ணு வரும். அது உன் மண்டைக்குள்ள கையை விட்டு உறிஞ்சுனா நீ நடந்த வழியெல்லாம் மறந்துபோகும். அதையே கொன்னு நீ தின்னுட்டா அறிவு கூடலாம். யாரு முந்துறாங்கங்கிறதுதான் கேள்வி. உன் விசயத்துல எனக்கொரு சந்தேகம் உண்டு: உறிஞ்ச வந்தது ஏமாந்து திரும்பிப் போயிருமோன்னு.

எல்லாத்தையும்விட ஒசத்தி ரெய்த்துங்கிற பேயோட சவம். தின்ன மாத்திரத்துல ஒரு லெவல் ஏறும். அதுலயும் ஒரு சூட்சுமம் உண்டு, காதைக் குடு. இடுகாட்டுத் தளத்துல வச்சுக் கொன்னா ஒம்பதுல ஒரு தடவைதான் சவத்தை விட்டுட்டுச் சாகும். அதனால வெவரமானவன் அதைப் படிக்கட்டு வரைக்கும் இழுத்து, வேற தளத்துக்குக் கூட்டிட்டுப் போய் அங்க வச்சுக் கொல்லுவான். கொன்னுட்டு, நாய் வாரதுக்கு முன்னால தின்னுருவான். நீ நின்னு மீசையை முறுக்கிக்கிட்டு இருப்ப. நாய் வந்து தின்னுட்டு அது லெவல் ஏறும். வீட்டுல யாராவது ஒருத்தராவது முன்னேறட்டும்.

திங்கக்கூடாததையும் சொல்லிப்புடுதேன், பொறவு தாத்தா சொல்லலைன்னு அழப்பிடாது. வௌவாலைத் தின்னா தலை சுத்தும். பச்சோந்தியைத் தின்னா நீயே வேற உருவமா மாறிருவ. பெரிய உருவமா மாறுனா போட்டிருக்குத கவசம் தெறிச்சுப் போகும். பசிக்குதேன்னு நாய்க்குட்டியையோ பூனையையோ தின்னேன்னா, பாதாளத்துல தூங்குத எல்லாம் உன் வாசம் புடிச்சு முழிச்சுக்கிடும். அந்தப் பாவம் போகாது. குகைமனுசனா ஆடுனா, ஓர்க் சாதியா ஆடுனா மட்டும் அதுக்கு மன்னிப்பு. உன் சொந்த இனத்தையே தின்னாலும் அதே கதிதான், அதிர்ஷ்டமும் கூடவே போகும். இன்னும் போனா, கடைசிக் கட்டத்துல சாவு, பஞ்சம், கொள்ளைநோய்னு மூணு பேரு குதிரைக்காரங்களா வருவாங்க. அவங்களைக் கொன்னுட்டு நாக்கைச் சப்புக்கொட்டுனேன்னு வையி, சாவைத் தின்னு செத்தான்னு வரலாறு பேசும். அந்தப் பெருமை நம்ம வம்சத்துக்கு வேணும்னா தின்னு.

அளவும் முக்கியம்டா. ஒரு டிராகனைத் தின்னு முடிக்க எழுவது டர்னுக்கு மேல ஆகும். வயித்துக்கு 1500 கணக்கு அதுல வருது. நீ ஆட்டம் தொடங்கும்போது உன் வயித்துல 900 இருக்கும், ஆயிரம் தாண்டுனா வயிறு நெரம்பிருச்சும்பான். நெரம்புனப்பறமும் உக்காந்து தின்னு 2000-த்தைத் தொட்டேன்னா விக்கிச் சாவ. அதுக்கு முன்னால ஆட்டமே கேக்கும், ‘உள்ள எறங்க மாட்டேங்குதே, நிறுத்தட்டுமா?’ன்னு. கல்யாண வீட்டுல நீ பந்தியில உக்காந்ததை நான் பாத்திருக்கேன். நீ நிறுத்த மாட்ட.

காக்கட்ரைஸ்னேன்லா. கோழி உருவம், மஞ்சக் கலர்ல ஒரு சின்ன ‘சி’. உயிரோட இருக்கும்போது சீறுனா மெல்லக் கல்லாக்கும், அதுக்கு லிசர்டு இருக்கு. ஆனா செத்துக் கெடக்கும்போது வெறுங்கையால தொட்ட, அந்தக் கணமே கல்லு. லிசர்டு, சாமி, கொம்பு ஒண்ணும் எட்டாது. கண்ணு தெரியாம இருட்டுல தரையைத் தடவிப் பாத்தாலும் அதே கதிதான். தின்னாலும் அப்பிடித்தான்.

இப்பக் கவனி. கையில உறை மாட்டு. சவத்தைத் தூக்கு. கத்தியைச் சொருகிட்டு அதையே ஆயுதமாப் புடி. எதிர்ல வாரவன் படைவீரனோ, மினோட்டாரோ, யாரா இருந்தாலும் சரி, ஒரு அடி பட்டாப் போதும். அங்கனயே சிலை. நீ பத்து வருசம் கத்தி வீசப் பழகுனாலும் வராத பலன் ஒரு செத்த கோழியில இருக்கு. கல்லுல செஞ்சதுகளுக்கும் சோர்ன் போல சிலதுக்கும் மட்டும் ஒறைக்காது. சாமானைத் திருடப்போற நிம்ஃப் ஒருத்தி வருவா, அழகா இருப்பா, நீ பல்லைக் காட்டிக்கிட்டு நிப்ப. அவ உறை இல்லாத கையால அந்தச் சவத்தை உருவுனா, உருவுன கையோட கல்லாகி நிப்பா. உன் வாழ்க்கையில ஒரு பொம்பளைகிட்ட நீ செயிச்ச ஒரே தடவை அதுவாத்தான் இருக்கும்.

ஆனா ஒண்ணு. கல்லானது கல்லுதான். அதைத் திங்க முடியாது, படைக்க முடியாது. அவன் வச்சிருந்த சாமானும் சிலைக்குள்ள மாட்டிக்கிடும், உடைச்சுத்தான் எடுக்கணும். ஒரு சவத்தை வச்சு இன்னொரு சவத்தைக் கெடுத்துக்கிடுத, அதை யோசிச்சு அடி.

இன்னொண்ணு. அதைக் கையில புடிச்சுக்கிட்டே பள்ளத்துல விழுந்தா, கையில உறை இருந்தாலும் பிரயோசனமில்ல. விழுற வேகத்துல மேல பட்டுரும், நீயும் சிலைதான். பாரம் தாங்காம மூச்சு வாங்கிக்கிட்டுப் படி எறங்குனா உருண்டு விழுவ, அப்பவும் அதே கதை. கண்டதையெல்லாம் பையில அள்ளிப் போட்டுக்கிட்டு, கையில எமனையும் புடிச்சுக்கிட்டுப் படி எறங்குதவனை ஆட்டம் எழுதுனவங்க அப்பவே நெனைச்சுப் பாத்திருக்காங்க. உன் போட்டோவைப் பாத்துத்தான் எழுதுனாங்களோ என்னவோ.

ட்ரோலுக்கு வாரேன். அது செத்தப்பறம் டர்னுக்கு டர்ன் 37-ல ஒரு வாய்ப்பு, எந்திரிச்சு நிக்க. 50 டர்ன் வரைக்கும் அப்பிடி. கணக்குப் போட்டுப் பாத்தா முக்காவாசி எந்திரிச்சிரும். தின்னுத் தீக்கலாம், பாதி தின்னுக்கிட்டு இருக்கும்போதே கடிபட்ட ஒடம்போட எந்திரிச்சதையும் நான் பாத்திருக்கேன். டப்பாவுல அடைக்கலாம், அதுதான் சுத்தம். ‘பையில போட்டுக்கிடுதேன்’னு தூக்கிக்கிட்டு நடந்தேன்னா, கொஞ்ச நேரத்துல முதுகுப் பைக்குள்ள என்னமோ நெளியும். சொரியாதே. அது வேர்க்குரு இல்ல. ஒண்ணும் முடியலையா, செத்துக் கெடக்குறவன் ஆயுதத்தையாவது உருவிக்கிட்டுப் போ. வெறுங்கையோட எந்திரிக்கட்டும்.

பலிபீடத்தைப் பாத்திருக்கியா? உன் சாமியோட பீடம்தானான்னு தெரிஞ்சுக்கிட்டு, அது மேல ஏறி நின்னு, புதுச் சவத்தைப் படைக்கணும். இங்கயும் அந்த 50 டர்ன் கணக்குதான். சாமி பழையதை ஏத்துக்கிடாது. கோவத்துல இருந்தா முதல்ல கோவம் தணியும். அடுத்த கும்பிடுக்குக் காத்திருக்க வேண்டிய காலம் கொறையும். அந்தக் காலம் முழுசாத் தீந்தப்பறமும் படைச்சுக்கிட்டே இருந்தா, முதல் பரிசுக்குப் பத்துல ஒரு வாய்ப்பு உண்டு. நடுநிலைச் சாமியைக் கும்பிடுற வல்கிரிக்கு மியோல்நிர்னு இடி முழங்குத சம்மட்டியே விழும். ஒவ்வொரு பரிசுக்கும் அடுத்தது அரிதாகிக்கிட்டே போகும். அதனால சாமிகிட்டயும் அடிக்கடி கையேந்தப்பிடாது. நீ என்கிட்ட ஏந்துத அளவுக்குச் சாமிகிட்ட ஏந்துனா, அது பீடத்தை எடுத்துக்கிட்டு ஊரை விட்டே ஓடிரும். வளத்த நாயோட சவத்தை மட்டும் கொண்டுவந்து வச்சிராதே. அது எந்தச் சாமிக்கும் ஆகாது.

தோலு, கொம்பு வகையறாவையும் விட்டுராதே. டிராகன் செத்தா மூணுல ஒரு தடவை செதிலு கெடைக்கும். அதை மேல மாட்டிக்கிட்டு, கவசத்தை உரமாக்குத சுருளை வாசிச்சா, மூணு தடுக்குத செதிலு ஒம்பது தடுக்குத கவசமாகிரும். சாம்பல் செதிலு மந்திரத்தைத் தாங்கும், வெள்ளிச் செதிலு எறிஞ்சவன்மேலயே திருப்பி விடும். யூனிகார்ன் கொம்பு பித்தம், மயக்கம், கறி விஷம் எல்லாத்துக்கும் கை கண்ட மருந்து. ஆனா உன் சாமி கட்சியில உள்ள யூனிகார்னைக் கொன்னா அதிர்ஷ்டம் அஞ்சு படி எறங்கிரும். வெள்ளை நியாயக் கட்சி, சாம்பல் நடுக் கட்சி, கறுப்பு கலகக் கட்சி. நிறத்தைப் பாத்துக் கத்தியை எடு.

என்ன, எழுந்திரிக்குத? இன்னும் ஒரு சவத்தைப் பத்திச் சொல்லலையே. உன்னதைத்தான்.

ஆமாலே. எல்லாத்தையும் வெட்டித் தின்னுட்டு நீ மட்டும் மறைஞ்சு போயிருவன்னா நெனைச்ச? நீ செத்த தளத்தை ஆட்டம் அப்பிடியே எடுத்து ஓரமா வச்சுக்கிடும், போன்ஸ்னு பேரு. உன் சவம், உன் கவசம், உன் பை, எல்லாத்துக்கும் மேல உன் பேரைச் சொல்லிக்கிட்டு ஒரு ஆவி. பொறவு அதே கம்ப்யூட்டர்ல இன்னொருத்தன் ஆடிக்கிட்டு அந்த ஆழத்துக்கு எறங்குனா, மூணுல ஒரு தடவை அந்தத் தளமே அவன் முன்னால வந்து நிக்கும். நீ ட்ரோலையும் டிராகனையும் பண்ணுனதை அவன் உனக்குப் பண்ணுவான். பத்துக்கு எட்டு சாமான்ல சாபம் ஏறியிருக்கும், அதுக்கென்ன, நாயை விட்டு நடக்கச் சொன்னா சாபம் உள்ளதை மிதிக்கத் தயங்கும், மத்ததைப் பொறுக்கிக்கிடலாம்.

அந்தக் கம்ப்யூட்டர்ல இன்னொருத்தன் யாருன்னு கேக்குதியா? மத்தியானத்துல வேற யாரு ஆடுறா நம்ம வீட்டுல?

அதனாலதான் இவ்வளவு நேரம் தொண்டை கிழியச் சொன்னேன். பேரன் நல்லாச் சேக்கணும்லா. முதல் மூணு தளத்துல செத்துத் தொலைச்சிராதே, அங்க செத்தா போன்ஸ் மிஞ்சாது. நாலுக்குக் கீழ போ, எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்லது. அந்த வெள்ளிச் செதிலைக் கவசமாக்கிப் போட்டுக்கிட்டுப் போ. அளவு எனக்குச் சரியா இருக்கும். படி எறங்கும்போது மட்டும் அந்தக் கோழியைக் கீழ போட்டுரு. கல்லாகிச் செத்தேன்னா சாமான் பூராவும் உன் சிலைக்குள்ள மாட்டிக்கிடும், உடைக்க என்கிட்டக் குந்தாலி கெடையாது. கறி கெட்டுச் செத்தாலும் சரி, விக்கிச் செத்தாலும் சரி, எலி கடிச்சுச் செத்தாலும் சரி, எனக்கு ஆட்சேபணை இல்ல.

போ, நல்லா ஆடு. சாகும்போது ஒரு குரல் மட்டும் குடு, புது ஆட்டம் தொடங்கணும்.